பிரெஞ்சு பேசும் ஊர் எது? மாஹேயை முன்வைத்துச் சில கேள்விகள்

இந்தியாவில் பிரெஞ்சு பேசும் சிற்றூர் ஒன்று உண்டா என்று கேட்டால், கேரளத்தில் பெரும்பாலோர் மாஹே என்பர். தமிழ்நாட்டில் புதுச்சேரி என்பர். ஆட்சியின் மொழியை ஊரின் மொழியாகக் கொள்வதால் வரும் விடைகள் இவை. பயணக் கட்டுரைகளில் இது பொறுத்துக்கொள்ளத்தக்க மிகைதான். ஆனால் ஓர் ஊர் என்ன மொழி பேசுகிறது என்பதை அறியும் முறையிலேயே பிழை இருந்தால், அதன் விளைவு பயணக் கட்டுரைகளோடு நின்றுவிடாது. மாநில எல்லை எங்கே விழும், பள்ளியில் எந்த மொழி பயிற்றுமொழியாகும், எந்த மொழிக்கு அகராதி எழுதப்படும், எந்த மொழி கணக்கிலேயே வராமல் மறையும் என்பனவெல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஊரார் மய்யழி என்றும் அரசு ஆவணங்கள் மாஹே என்றும் குறிக்கும் பகுதியின் மொத்தப் பரப்பு 9 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. மய்யழிப்புழை அரபிக்கடலில் கலக்கும் இடத்தில் தென்கரையில் மாஹே நகரம் இருக்கிறது. ஆற்றின் வடபுறம் செறுகல்லாயி என்னும் சிறு மேட்டுநிலம். அதற்கு அப்பால் பள்ளூர், பந்தக்கல், சாலக்கரை, செம்ப்ரா என்னும் நான்கு ஊர்கள் சேர்ந்த நாலுதறை. இத்துண்டுகளுக்கு இடையே கேரள மண் கிடக்கிறது. வடக்கே கண்ணூர் மாவட்டம். தெற்கே கோழிக்கோடு மாவட்டம். ஆற்றுப் பாலத்தைக் கடந்தவுடன் வரும் ஊரின் பெயர் நியூ மாஹே. அதுவோ கேரளத்தின் ஊராட்சி. மாஹேக்குரிய ஆட்சித் தலைநகரான புதுச்சேரி தீபகற்பத்தின் மறு கடற்கரையில், ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இந்த வடிவத்துக்குக் காரணம் மிளகு. 1721இல் கடத்தநாட்டு ஆட்சியாளரிடம் வாணிக இசைவு பெற்ற பிரெஞ்சுக் கம்பெனி, 1725இல் போரிட்டு ஊரைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றிய பின் 1817இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. 1954 ஜூலை 16 அன்று, ஐ. கே. குமாரன் மாஸ்டர் தலைமையிலான மகாஜன சபையின் போராட்டத்துக்குப் பின், பிரெஞ்சு ஆட்சி மாஹேயை விட்டு அகன்றது. இடையில் கைமாறிய காலங்களைக் கழித்தாலும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்திருக்கிறது. ஒரு மொழி ஊன்றிக்கொள்ள இது போதாத காலம் அன்று.

இனி மக்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாஹேயின் மக்கள்தொகை 41,816. சதுர கிலோமீட்டருக்கு நான்காயிரத்து அறுநூறு பேருக்கும் மேல். முழுவதும் நகர்ப்புறம் என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளது. எழுத்தறிவு 98 விழுக்காட்டை ஒட்டியது. ஆயிரம் ஆண்களுக்கு ஆயிரத்து நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள். இந்த எண்களைத் தனியே எடுத்துக் காட்டினால் வடகேரளக் கடற்கரையை அறிந்த எவரும் இதன் பொருளைச் சொல்லிவிடுவார்: வளைகுடா நாடுகளுக்கு ஆண்கள் வேலைக்குப் போன ஊர். தலச்சேரிக்கும் வடகரைக்கும் இருக்கும் அதே மக்களியல். பேசப்படுவதும் அதே வடமலபார் மலையாளம். ஆட்சி எல்லையைக் காட்டும் பலகை இல்லையென்றால் காதால் கேட்டு எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது.

பிரெஞ்சு அங்கே எங்கே இருந்தது? நீதிமன்றத்தில், பதிவேட்டில், பள்ளியில், அரசு ஊழியரின் மேசையில். ஆட்சி மாறிய பின்னும் சட்டத்தில் அதற்கு இடம் கிடைத்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையின் 28ஆம் விதி, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாத வரை பிரெஞ்சே அப்பகுதிகளின் ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. அவ்வுடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுகளில் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் 1965 வந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும், மாஹேயில் மலையாளத்துக்கும், ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தந்தது. இந்தியாவுடன் இணைவதா என்பதை முடிவு செய்த 1954 அக்டோபர் 18 வாக்கெடுப்பு நடந்த கீழூர், தமிழ் பேசும் சிற்றூர். அங்கே வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். பிரெஞ்சு இந்தியாவின் கடைசி அத்தியாயம் எழுதப்பட்ட ஊரிலும் வீட்டுமொழி பிரெஞ்சு அன்று.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு பேசியவர் இல்லாமல் இல்லை. 1881ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இருந்தன. இந்தோசீனா முதலிய இடங்களில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய ‘சொல்தா’க்கள் இருந்தனர். 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டோர் இன்றும் அந்நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கின்றனர். 1826இல் தொடங்கிய லிசே இன்றும் நடக்கிறது. இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது தொழில், ஓய்வூதியம், குடியுரிமை, கல்வி. தெருவும் வயலும் ஒரு மொழியில் இயங்கும்போதுதான் அதை ஊரின் மொழி என்கிறோம். அந்த நிலையைப் பிரெஞ்சு எட்டவில்லை. ஊரகப் புதுச்சேரியில் அது விட்டுச்சென்ற சொல்லும் ஆட்சிச் சொல்லே: அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர் முதலிய உள்ளாட்சி அமைப்புகளை இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம்.

மாஹேயின் மொழிவரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி 1889ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரியோல் மொழியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஊகோ ஷூகார்ட், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்தபடி உலகெங்குமிருந்து கடிதங்கள் வழியே கிரியோல் தரவுகளைத் திரட்டியவர். அவ்வாண்டு மாஹே, கண்ணூர் ஆகிய இரண்டு ஊர்களின் கிரியோலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹேயில் அவருக்குக் கிடைத்தது பிரெஞ்சுக் கிரியோல் அன்று, இந்தோ-போர்த்துக்கீசியக் கிரியோல். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பிரெஞ்சோடு பழகிய ஊரில் ஐரோப்பிய மூலமுடைய பேச்சுமொழி ஒன்று இருந்தது. அதன் மூலம் அங்கே ஆட்சி நடத்தாத போர்த்துக்கீசியம்.

இது எப்படி நிகழ்ந்தது? போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் மலபார்க் கடற்கரையில் கோட்டை கட்டியதோடு நிற்கவில்லை. தம் ஆட்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்குவதை ஊக்குவித்தனர். அப்படி உருவான கத்தோலிக்கக் குடும்பங்களில் தாய் பிள்ளையைத் தாலாட்டிய மொழி, அண்டை வீட்டாரோடு சண்டையிட்ட மொழி, செபம் சொன்ன மொழி என்று கிரியோல் வளர்ந்தது. டச்சுக்காரர் 1663இல் கொச்சியைப் பிடித்த பின்னும் அது அழியவில்லை. அதைக் காத்தவை கோட்டைகள் அல்ல, குடும்பங்கள். அவை கடற்கரை நெடுகிலும் இடம்பெயர்ந்தபோது மொழியும் உடன் சென்றது. நம் சொற்களஞ்சியத்திலும் இதன் தடம் உண்டு. தமிழில் சன்னல், சாவி, அலமாரி, மேசை. மலையாளத்தில் ஜனாலா, மேசா, கசேரா. போர்த்துக்கீசியம் நமக்குத் தந்தவற்றுள் வீட்டுக்குள் புழங்கும் பொருள்களின் பெயர்கள் பல. பிரெஞ்சு புதுச்சேரித் தமிழுக்குத் தந்தவற்றுள் நினைவுக்கு முதலில் வருபவை கொம்யூன், மேரி, லிசே, சொல்தா. நகராட்சி, பள்ளி, படை. இரு மொழிகளும் எந்த வாசல் வழியே நுழைந்தன என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் ஐரோப்பிய மூலமுடைய மொழி பேசும் உண்மையான சிற்றூரைக் காண வேண்டுமானால் மகாராட்டிரத்தின் கடற்கரைக்குப் போக வேண்டும். ராய்கட் மாவட்டத்தில் சௌல் அருகே உள்ள கொர்லாய் ஊரில் போர்த்துக்கீசியக் கிரியோல் வாழ்கிறது. போர்த்துக்கீசியர் அப்பகுதியை 1740இல் மராத்தியரிடம் இழந்தனர். அதன் பின் அம்மொழிக்கு அரசு இல்லை, பள்ளி இல்லை, எழுத்து இல்லை. பேசுவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆயினும் இருநூற்றெண்பது ஆண்டுகளாக அது கைமாறாமல் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. அம்மொழியை விரிவாக ஆய்ந்த கிளான்சி கிளெமென்ட்ஸ் இதற்குக் காட்டும் காரணம் சமூகவியல் சார்ந்தது: மதத்தாலும் சாதியாலும் சுற்றுப்புறத்திலிருந்து பிரிந்த ஒரு சிறு கத்தோலிக்கச் சமூகம், தனக்குள்ளேயே மணம்முடித்து, ஒரே இடத்தில் வாழ்ந்தது.

கேரளத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறோம். கொச்சிக் கடற்கரையின் கிரியோலைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் எனக் கருதப்படும் வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்ட் 20 அன்று வைப்பின் பகுதியில் காலமானார். அவரிடமிருந்தும், கண்ணூரில் எஞ்சியிருந்த ஒரு சிலரிடமிருந்தும் ஊகோ கார்டோசோ திரட்டிய பதிவுகள் இல்லையென்றால், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறுடைய மலபார் கிரியோல் நமக்குப் பழைய கட்டுரைகளில் மட்டுமே கிடைத்திருக்கும். கொர்லாயில் வாழ்வதும் வைப்பினில் மறைந்ததும் நெருங்கிய உறவுடைய கிரியோல்கள். வேறுபட்டது மக்களின் இருப்பு: அங்கே ஒரே இடத்தில் திரண்ட ஆயிரம் பேர், இங்கே வேலைக்கும் திருமணத்துக்கும் பல ஊர்களாகச் சிதறி, வீட்டில் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிய குடும்பங்கள்.

அப்படியானால் பிரெஞ்சிலிருந்து பிறந்த மொழியைப் பேசும் தமிழ்ச் சமூகமே இல்லையா? இருக்கிறது; இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியோன் தீவில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும், 1860-61 ஆங்கில-பிரெஞ்சு ஒப்பந்தங்களுக்குப் பின் சென்னை மாகாணத்திலிருந்தும் தமிழர் பெருமளவில் சென்றனர். 1882இல் ஆங்கில அரசு அதை நிறுத்தியது. தோட்டத்தில் வேறு வேறு நாட்டாரோடு வேலை செய்த அவர்களின் பிள்ளைகளுக்கு ரெயூனியோன் கிரியோல் தாய்மொழியானது. இன்று தீவின் கிழக்கே சேன்ட் ஆந்த்ரே போன்ற ஊர்களில் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். கோயிலில் தமிழ் ஒலிக்கிறது. வீட்டில் பேசுவது கிரியோல். அவர்களுக்கு அத்தீவில் வழங்கும் பெயர் ‘மல்பார்’. ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றழைத்த பழைய வழக்கின் எச்சம் அது. மாஹே நிற்கும் கடற்கரையின் பெயரைச் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர்கள் சுமக்கிறார்கள். மாஹேயாருக்குக் கிட்டாத பிரெஞ்சுக் கிரியோல் அவர்களுக்குத் தாய்மொழி. ஒரே பேரரசு, ஒரே மொழி. ஆனால் மாஹேயில் மக்கள் தம் நிலத்திலேயே, தம் உறவுகளுக்கு நடுவிலேயே இருந்தார்கள். ரெயூனியோனில் பிடுங்கி நடப்பட்டார்கள். மொழி மாற்றத்தை விளக்கும் காரணிகளில் ஆட்சி ஆணைகளைவிட இது எவ்வளவு வலியது என்பதை இந்த இரு ஊர்களும் காட்டுகின்றன.

எனவே ஓர் ஊரின் மொழியை அறியக் கேட்க வேண்டியவை: யார் யாரை மணக்கிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள், பிள்ளைகளிடம் எதில் பேசுகிறார்கள், கடவுளிடம் எதில் பேசுகிறார்கள், வேலைக்கு எங்கே போகிறார்கள். மக்களியல் என்று நாம் அழைப்பது இதையே. இந்தக் கேள்விகளை நம் மக்கள்தொகைக் கணக்கு எந்த அளவுக்குக் கேட்கிறது என்பதே என் அடுத்த கவலை.

இந்தியக் கணக்கெடுப்பின் வரையறைப்படி தாய்மொழி என்பது, ஒருவரிடம் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் பேசிய மொழி. தாய் சிறு வயதிலேயே இறந்திருந்தால், குழந்தைப் பருவத்தில் வீட்டில் முதன்மையாகப் பேசப்பட்ட மொழி. இது நல்ல வரையறை. ஆட்சிமொழியையும் பள்ளிமொழியையும் இது விலக்கிவிடுகிறது. இதனோடு வேறு இரண்டு மொழிகள் தெரியுமா என்றும் கேட்கிறார்கள். பிரான்சு இந்த அளவுக்குக்கூடப் போவதில்லை. அந்நாட்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழிக் கேள்வியே கிடையாது. ஆகவே நம் வினாத்தாளில் பெருங்குறை இல்லை. குறை அதன் பின் நடப்பதில் இருக்கிறது.

2011இல் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. மொழியியல் ஆய்வுக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கப்பட்டன. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்த இயலாதவை என ஒதுக்கப்பட்டன. பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகளையே வெளியிடுவது 1971 முதல் பின்பற்றப்படும் நடைமுறை. அதன்படி நம் கைக்கு வந்தவை 121 மொழிகள். எஞ்சியவை ‘பிற’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்தன. பிரெஞ்சு அப்பட்டியலில் இல்லை. கொர்லாயின் கிரியோல் இல்லை. நிலம்பூர்க் காடுகளில் சில நூறு பேர் பேசும் சோலநாயக்கர் மொழி இல்லை. பட்டியலில் இடம்பெற்றவற்றிலும் சில வேறு மொழிகளின் உறுப்புகளாகவே இடம்பெற்றுள்ளன: படகம் கன்னடத்தின் கீழ், பணியர் மொழியும் எரவர் மொழியும் மலையாளத்தின் கீழ். ஒரு பேச்சு தனிமொழியா வழக்கா என்பது மொழியியலாளர்கள் நூறாண்டாக விவாதிக்கும் கேள்வி. கணக்கெடுப்பு அட்டவணையில் அது விவாதமின்றி முடிக்கப்படுகிறது.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இது தொலைவான செய்தி அன்று. நகரத்தின் கிழக்கே அகத்தியமலை அடிவாரத்தில் கோட்டூர், பேப்பாறைப் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறைப் பகுதியிலும் காணிகள் வாழ்கிறார்கள். அவர்களின் பேச்சைத் தமிழின் வழக்கு என்பாரும் உண்டு, மலையாளத்தின் வழக்கு என்பாரும் உண்டு, தனிமொழி என்பாரும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குச் சென்றபோது எல்லைக்கோடு அவர்களின் காட்டின் ஊடே விழுந்தது. அந்தக் கோட்டை வரைந்ததில் மொழிவாரிக் கணக்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நெய்யாற்றின்கரை குறித்தும் தேவிகுளம், பீர்மேடு குறித்தும் நடந்த வாதங்களில் இரு தரப்பும் எண்களையே எடுத்து வீசின. காணிகளின் மொழி அந்த எண்களில் எந்தப் பக்கமும் இல்லை. இன்று ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கும் மறுபக்கத்துப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கும் செல்கிறார்கள். இரண்டு தலைமுறைக்குப் பின் ஓர் ஆய்வாளர் வந்து, இவர்கள் எப்போதும் இரு வேறு மொழி பேசியவர்கள் என்று எழுதினால் அவரை மறுக்க நம்மிடம் எந்த அட்டவணை இருக்கும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாவது, ஊர்வாரி மொழிக்கணக்கு அரசியல் நெருப்பு என்பது. பெல்சியத்தின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கே மொழிக்கணக்கின் அடிப்படையில் சிற்றூர்களின் ஆட்சிமொழி மாறும் நிலை இருந்ததால், கணக்கெடுப்பே மறைமுக வாக்கெடுப்பாக மாறியது. 1947ஆம் ஆண்டுக் கணக்கின் மொழி முடிவுகள் 1954இல்தான் வெளியாயின. அதன் பின் மொழிக்கேள்வியே கைவிடப்பட்டு, 1962இல் மொழி எல்லை சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டது. அப்போது லியேஜ் மாகாணத்திலிருந்து லிம்பர்க்குக்கு மாற்றப்பட்ட ஃபூரோன் என்னும் ஆறு சிற்றூர்களின் பூசல், சில ஆயிரம் மக்கள் பற்றியதாக இருந்தும், 1987இல் நாட்டின் அரசையே கவிழ்க்கும் அளவுக்கு வளர்ந்தது. இரண்டாவது வாதம், மக்கள் சொல்லும் விடை பேச்சைக் காட்டாது, பற்றைக் காட்டும் என்பது. இதுவும் உண்மை. சமற்கிருதத்தைத் தாய்மொழி என்றவர்கள் 2001இல் 14,135 பேர். 2011இல் 24,821 பேர். பத்தாண்டில் பத்தாயிரம் குழந்தைகளுக்குத் தாய்மார் சமற்கிருதத்தில் பேசத் தொடங்கினர் என்று எவரும் வாதிட மாட்டார்.

ஆயினும் இவ்விரு வாதங்களும் கணக்கை மறைப்பதற்குக் காரணமாகா. பெல்சியத்தில் நெருப்பை மூட்டியது எண்ணிக்கைக்கும் ஆட்சியுரிமைக்கும் இடையே போடப்பட்ட நேரடி முடிச்சு. பத்தாயிரத்துக்குக் குறைவானவர் பேசும் மொழிகளுக்கு இங்கே அப்படியொரு முடிச்சு கிடையாது. அவர்கள் மாநிலமோ வட்டமோ கேட்கவில்லை. பெரிய மொழிகளின் எண்கள்தாம் அரசியலுக்குப் பயன்படுகின்றன. அவை ஏற்கெனவே வெளியிடப்படுகின்றன. பற்று பற்றிய வாதமும் பெரிய மொழிகளுக்கே மிகுதியாகப் பொருந்தும். சிறு சமூகங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: கணக்கெடுப்பவர் மாநில மொழியை எழுதிக்கொண்டு போய்விடுகிறார், சொல்பவரும் தம் பேச்சுக்கு ஒரு பெயர் உண்டு என்று எண்ணுவதில்லை.

ஆகவே நான் வேண்டுவது மூன்று. ஒன்று, பத்தாயிரத்துக்குக் குறைவான மொழிகளின் பெயர்களையும் எண்ணிக்கையையும் மாவட்ட அளவிலேனும் வெளியிட வேண்டும். மிகச் சிறிய எண்களால் தனிநபர் அடையாளம் வெளிப்படும் என்ற அச்சம் நியாயமானது. அத்தகைய இடங்களில் எண்ணை வட்டமாக்கித் தரலாம். இரண்டு, எந்தெந்தப் பெயர்கள் எந்தெந்த மொழியின் கீழ்ச் சேர்க்கப்பட்டன, என்ன அடிப்படையில் சேர்க்கப்பட்டன என்பதை முழுமையாக வெளியிட வேண்டும். அது வெளியானால்தான் மறுக்கவோ திருத்தவோ இயலும். மூன்று, தாய்மொழியோடு இன்று வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி எது என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். கனடா இதைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறது. அங்குள்ள பிரெஞ்சுச் சிற்றூர்களில் மொழி பிள்ளைகளுக்குப் போகிறதா நிற்கிறதா என்பதை இவ்விரு விடைகளின் வேறுபாட்டைக் கொண்டே கணிக்கிறார்கள்.

அரசுக்கு வேண்டுகோள் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. 1970களில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறை, வ. ஐ. சுப்பிரமணியம் அவர்களின் வழிகாட்டலில், மலையாள வழக்காய்வின் முதற்பகுதியாக ஈழவர்-தீயர் பேச்சை மாநிலம் முழுவதும் தொகுத்து 1974இல் வெளியிட்டது. கணினி இல்லாத காலத்தில், பயணவசதி குறைந்த காலத்தில் நடந்த பணி அது. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இருந்தும் முதுகலை ஆய்வேடுகள் பெரும்பாலும் அச்சிட்ட பனுவலையோ இணையத் தரவையோ சுற்றியே அமைகின்றன. ஒரு மாணவர் ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, நாற்பது வீடுகளில், மூன்று தலைமுறையினர் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்ற எளிய அட்டவணையைத் தயாரித்தாலே போதும். திருவனந்தபுரத்தில் இதற்கு வெளியூர் போகக்கூடத் தேவையில்லை. கரமனையிலும் சாலையிலும் வீட்டில் தமிழ் பேசி, மலையாளத்தில் எழுதி, பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிக்கவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கேரளத் தமிழர் ஏறத்தாழ ஐந்து லட்சம் என்ற எண் இவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

மாஹேக்கும் இதே ஆய்வு தேவை. பிரெஞ்சு அங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி பலமுறை கேட்கப்பட்டுவிட்டது. 1889இல் ஷூகார்ட் குறித்துவைத்த போர்த்துக்கீசியக் கிரியோல் அவ்வூரில் எந்தக் குடும்பத்தில், எந்தத் தலைமுறையோடு நின்றது? அதன் சொற்கள் ஏதேனும் மய்யழி மலையாளத்தில் இன்றும் கிடக்கின்றனவா? தலச்சேரி, கண்ணூர், மாஹேப் பகுதிகளைச் சேர்ந்த மாணவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், தம் பாட்டிமாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கிடைப்பது ஒரு செபத்தின் ஓரடியானாலும், ஒரு பலகாரத்தின் பெயரானாலும் பதிவு செய்யுங்கள். இத்துறையில் நம்மைவிட மூத்தவர்கள் என் வாதத்தில் குறை கண்டால் கீழே எழுதுங்கள். அதைத் தொடர்ந்து விவாதிப்போம்.